மிச்ச மருந்து

தாயில்பட்டி
18-8-2003, திங்கள்

அக்கா மகளும் எனக்கு மருமகளுமான பாண்டிச்செல்விக்கு உன் மாமன் ஊர்க்காவலன் எழுதிக்கிட்டது. இங்கன நானும் உன் புருசன் முனியராஜும் கெடாக்குட்டியும் சுகம். மூணு பேர்ல கெடாக்குட்டி ஒண்ணுதான் நேரத்துக்குச் சாப்பிடுது.

நீ எழிலைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு உங்க ஆத்தா வீட்டுக்குப் போயி இன்னியோட அஞ்சு நாள். போய்ச் சேந்தேன்னு ஒரு வார்த்தை உண்டா? ஆலங்குளம் என்ன சீமையா? சிமிட்டி ஆலைச் சங்கு காத்தடிச்சா இங்கன வரைக்கும் கேக்குதுங்கான் உன் புருசன். எனக்குக் கேக்கல. பட்டாசுக் கம்பெனி வெடிச்ச வருசம் போன வலது காது போனதுதான். மிச்சம் இருக்க இடது காதுல போனை வச்சா கரகரன்னு தவளை கத்துது. அதான் இன்லேண்டு வாங்கி எழுதுறேன். நான் படிச்சது நாலாப்பு. நீ பத்தாப்பு. தப்பு இருந்தா சிவப்பு மையால சுழிச்சு அனுப்பு.

நடந்ததை மறுக்கா பேசக்கூடாதுதான். பேசாட்டா எனக்குச் சோறு இறங்கல. புள்ளைக்குக் காய்ச்சல், காதுவலி. போத்திப் படுக்க வையின்னேன். நீ வெறும் ஜட்டியோட போட்டு ஈரத்துணியால தொடைச்ச. ரெண்டரை வயசுப் புள்ளைய எருமைமாடு மாதிரி குளிப்பாட்டுறாளேன்னு எனக்கு எரிச்சல். காதுக்குப் பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டாந்தேன். கரண்டியோட புடுங்கித் தொழுவுல ஊத்திட்ட. கெடாக்குட்டி நக்கிச்சு. அதுக்கு இன்னிக்கு வரை காதுவலி இல்ல, பாத்துக்க.

மருந்து பூராவும் நீதான் குடுத்த. நாலாம் நாள் புள்ள வாந்தியா எடுத்துத் துவண்டு போச்சு. சிவகாசியில டாக்டர் ரத்தத்தைப் பாத்துட்டுக் கத்துனாரு, "யாரும்மா குடுத்தது? ஈரலைத் தாக்குற அளவுக்குக் காய்ச்சல் மருந்து உள்ள போயிருக்கு"ன்னு. நீ "அஞ்சு மில்லிதான் சார்"ன்ன. "அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?"ன்னாரு. உன் புருசன் வார்டுன்னுகூடப் பாக்காம, "தீபாவளி சீசன் வேலைக்கு ஓடுற அவசரத்துல கண்டபடி ஊத்தியிருப்பா"ன்னு சத்தம் போட்டான். நான் ஒண்ணும் சொல்லல. சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். அதை நீ கணக்குல வச்சுக்கணும்.

போனது போகட்டும். புள்ள பொழைச்சிருச்சு. அளவு தப்புறது யாருக்கும் வாரதுதான். வந்து சேரு. உன் புருசன் வைக்கிற ரசத்தைக் குடிச்சா நானே காய்ச்சல்ல படுத்துருவேன்.

இப்படிக்கு
பட்டினியோட உன் மாமன்
ஊர்க்காவலன்


ஆலங்குளம்
21-8-2003

மாமாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. எழிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேற்று மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஏறிக் கிடந்த ஈரல் கணக்கு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. இட்லி கேட்டுச் சாப்பிடுகிறாள். ஊசி என்று யாராவது சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

"அளவு தப்புறது யாருக்கும் வாரதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா, எனக்கு அளவு தப்பவில்லை. எத்தனை தடவை சொல்வது? கரண்டியால் குடுக்கவில்லை. பாட்டிலோடு வந்த அளவு மூடியில், அஞ்சு என்று கோடு போட்டிருக்கும் இடம் வரைக்கும் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துத்தான் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதினேன். அந்தத் தாள் என் கையில் இருக்கிறது. அதை டாக்டரிடம் நீட்டினேன், அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. உங்கள் மகனிடம் நீட்டினேன். "எழுதுறது ஒண்ணு, ஊத்துறது ஒண்ணு"ன்னு சொன்னார்.

மூணு நாள் லீவு போட்டு, போர்மேனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, பிள்ளை பக்கத்தை விட்டு நகராமல் இருந்தவளுக்குக் கிடைத்த பெயர் இது. பஸ் ஏறும்போது நம் தெருப் பஞ்சம்மாள் அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஏத்தா, படிச்ச புள்ளைன்னு நெனைச்சோம், இப்படிப் பெத்த புள்ளைக்கே அளவு தெரியாம ஊத்திட்டியே"ன்னு. அவ்வளவு பேர் முன்னால். நான் அந்தத் தெருவுக்குள் எந்த முகத்தோடு வருவது?

சரி, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். நான் குடம் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போன நேரத்தில் நீங்கள் எழிலுக்கு ஏதாவது குடுத்தீர்களா? பஞ்சம்மாள் அத்தை பெட்டிக்கடை மாத்திரையைப் பாதி உடைத்துக் குடுத்தார்களா? யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். ரத்தம் பொய் சொல்லாது என்றார் டாக்டர். நானும் பொய் சொல்லவில்லை.

கேலி வேண்டாம். கெடாக்குட்டிக் கதை வேண்டாம். கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

அப்புறம், கோபத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் மூக்குக் கண்ணாடிக் கூடு வந்திருக்கிறது. கண்ணாடி இல்லை, வெறும் கூடு. அந்த மருந்து பாட்டிலும் வந்திருக்கிறது.

செல்வி


தாயில்பட்டி
25-8-2003

ஆலங்குளத்துக் கலெக்டர் அம்மா பாண்டிச்செல்வி அவர்கள் சமூகத்துக்கு, தாயில்பட்டிக் குற்றவாளி எழுதிக்கிட்டது.

உன் கேள்விக்குப் பதில். கருப்பசாமி மேல ஆணையா, நீ இல்லாத நேரம் புள்ள வாயில நான் ஒரு சொட்டு மருந்து ஊத்தல. ஒரு மாத்திரை குடுக்கல. இந்தச் சத்தியத்துல ஓட்டை கிடையாது. போதுமா?

பஞ்சம்மா குடுத்திருப்பாளோன்னு எனக்கும் ஒரு இது இருந்துச்சு. கேக்கப் போனேன். "ஏ பஞ்சம்மா, எங்க புள்ளைக்கு மாத்திரை கீத்திரை குடுத்தியா?"ன்னேன். அவ வெளக்குமாத்தைக் கீழ வைக்காமலே பேசுனா. "யோவ் கெழவா, உன் வீட்டு வாசப்படியே நான் மிதிக்கல. காய்ச்சல் எனக்கு ஒட்டிக்கிட்டா என் சீசன் என்னத்துக்கு ஆவுறது? இன்னொரு வாட்டி கேட்டுப்பாரு, உன் இன்னொரு காதும் போயிரும்"ன்னா. அதனால அவ குடுக்கல. இது எனக்குச் சந்தேகமில்லாமத் தெரியும்.

டாக்டர் மிஷினு தப்பா இருக்கும். இல்லாட்டா வேற புள்ள ரத்தத்தைப் பாத்திருப்பாரு. விடு புள்ள. யாரு குத்தம்னு நோண்டிக்கிட்டே இருந்தா, ஆறப்போற புண்ணும் ஆறாது.

நீ இல்லாம வீடு குப்பையாக் கெடக்குன்னு நெனைச்சிராத. பெருக்குறேன், பாத்திரம் வெளக்குறேன். ஒரு பொருளை வீணாக்குறதில்ல. எழில் கைப்பிள்ளையா இருக்கையில வாங்குனோமே, ரப்பர் குமிழு வச்ச சின்ன சொட்டு மருந்துக் குப்பி, அதைக் கழுவிக் காயவச்சு மூக்குப்பொடி போட்டு வச்சிருக்கேன். சட்டைப்பையில அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காருது. கம்பெனி வேன்ல வார பொம்பளைக பூராவும், "என்ன பெருசு, சொட்டு மருந்து போட்டுக்கிறீகளா, போலியோவா"ன்னு கேக்குறாளுக. எனக்கு வேற பொழுது எப்படிப் போகும்?

கண்ணாடிக் கூடு இல்லாம கண்ணாடியை மடியில கட்டிக்கிட்டுத் திரியுறேன். கூடு வருதோ இல்லையோ, புள்ளையக் கூட்டிக்கிட்டு நீ வந்துரு. உன் புருசன் வாய்தான் கத்தும். சோத்துத் தட்டுல உன் தட்டையும் சேத்து எடுத்து வச்சிட்டு, அப்புறமா ஞாபகம் வந்து திரும்ப வைக்கான். நான் பாக்கலைன்னு நெனைப்பு.

இப்படிக்கு
சத்தியம் பண்ணுன உன் மாமன்


ஆலங்குளம்
29-8-2003, வெள்ளி, காலை ஏழு மணி

மாமாவுக்கு,

தபாலில் போட்டால் ரெண்டு நாள் ஆகும் என்று மினிபஸ் கண்டக்டர் சங்கிலிமுத்து அண்ணனிடம் குடுத்து விடுகிறேன். பத்து மணிக்குள் உங்கள் கையில் கிடைத்துவிடும்.

எழிலுக்கு விடியக்காலையிலிருந்து மறுபடியும் காய்ச்சல். தெர்மாமீட்டரில் நூறைத் தாண்டி நிற்கிறது. அதே காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன தடவை வாங்கிய அந்தப் பாட்டிலில் மூணு நாலு தடவை குடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கிறது. எந்தப் பொருளையும் வீணாக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அதையே மத்தியானத்திலிருந்து குடுக்கலாம் என்று இருக்கிறேன். அஞ்சு மில்லிதான். கோட்டைப் பார்த்துத்தான்.

உங்களுக்கு வேறு யோசனை ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

செல்வி


ஆலங்குளம், உங்க வீட்டுக்கு எதுத்த டீக்கடை
அதே வெள்ளி, மணி ஒண்ணு ஆகப்போகுது

செல்வி, குடுக்காத. அந்தப் பாட்டில்ல இருக்கதைப் புள்ளைக்குக் குடுக்காத. மத்ததை அப்புறம் படி. மொதல்ல பாட்டிலை எடுத்துத் தூர வையி. வச்சிட்டு வந்து படி.

வச்சிட்டியா?

அதுல நான் கலந்துட்டேன்.

காய்ச்சல் வந்த ரெண்டாம் நாள் நீ குழாயடிக்குப் போயிருந்த. அலமாரியைத் துடைச்சேன். பெரிய பாட்டில் பாதி இருந்துச்சு. பின்னால அந்தச் சின்ன சொட்டு மருந்துக் குப்பி, கிட்டத்தட்ட ரொம்பி இருந்துச்சு. ரெண்டுலயும் ஒரே குழந்தை படம், ஒரே சிரிப்பு. ரெண்டும் காய்ச்சலுக்குத்தான்னு நீயே சொல்லியிருக்க. இதை எதுக்கு ரெண்டா வைக்கணும்னு சின்னதைப் பெருசுல கவுத்திட்டேன். எனக்குப் பொடி வைக்க ஒரு குப்பி வேணும்னு ரொம்ப நாளா ஆசை. அம்புட்டுதான் நான் பண்ணுனது. அதுக்கப்புறம் நீ கோடு பாத்து ஊத்துனது அஞ்சு மில்லிதான். அஞ்சுக்குள்ள இருந்ததுதான் அஞ்சு இல்ல.

எனக்கு அப்பத் தெரியாது. ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு கைப்பிள்ளைக்காரிகிட்ட நர்சம்மா சொல்லிக்கிட்டு இருந்துச்சு, "சொட்டு மருந்தை ஸ்பூன்ல குடுத்துராதீங்கம்மா, அது சிரப்பை விட நாலு மடங்கு வீரியம், அதான் சொட்டுக் கணக்கு"ன்னு. இடது காது பக்கமாச் சொல்லுச்சு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அந்தச் சமயம்தான் டாக்டர் உன்னையக் கேட்டுக்கிட்டு இருந்தாரு, "அப்ப ரத்தம் பொய் சொல்லுதா"ன்னு. சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்னு எழுதுனேன்ல. எதுக்கு நின்னேன்னு இப்பத் தெரியுதா?

முப்பத்தாறு வருசம் மருந்து ரூம்புல தராசு புடிச்சவன் நான். வெடியுப்பு எம்புட்டு, கந்தகம் எம்புட்டு, அலுமினியப் பொடி எம்புட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். சாயந்தரம் மீந்து போனதை மறுநாளுக்கு வைக்கவும் கூடாது, புதுசோட சேக்கவும் கூடாது, தள்ளிக் கொண்டுபோய் அழிச்சிரணும். என் தலைக்கு மேல போர்டே தொங்கும். வாலிபப் பயக எவனாச்சும் சட்டியில மீந்ததைப் புதுச் சட்டியில தட்டுனா கன்னத்துல அறைஞ்சிருக்கேன். கம்பெனிக்குள்ள அம்புட்டுச் சுத்தம். வீட்டுக்குள்ள வந்து, என் பேத்தி குடிக்கிற மருந்துல அதையே பண்ணிப்புட்டேன். கைக்குப் பழகுன புத்தி வீட்டுப்படி ஏறையில எங்க போச்சுன்னு தெரியல.

வீட்டுக்குள்ள வராம இங்கன உக்காந்து எதுக்கு எழுதுறேன்னு கேப்ப. உங்க ஆத்தா மாடத்தி என்னையப் பாத்ததும் வாசல்ல வந்து இடுப்புல கைவச்சு நிக்கா. அவ எனக்கு அக்காதான், அடிச்சாலும் வாங்கிக்கிருவேன். பயம் அதுல்ல. உள்ள வந்தா நான் இதைச் சொல்ல மாட்டேன். உன் மூஞ்சியைப் பாத்ததும் ஏதாச்சும் கேலி பேசி, எழிலைத் தூக்கி நாலு தடவை சுத்திட்டு, பாட்டிலை மட்டும் நைசா எடுத்துக்கிட்டுப் போயிருவேன். என் வாயை எனக்குத் தெரியும். அதான் டீக்கடைக்காரர்கிட்ட தாள் வாங்கி எழுதி, அவர் கையிலயே குடுத்துவிடுறேன். டீ ஆறிப் போச்சு.

புள்ளைக்குக் குடுத்துட்டியான்னு மட்டும் சொல்லு. ஜன்னல்ல நின்னு தலையை ஆட்டுனாப் போதும்.

ஊர்க்காவலன்


அதே நாள், மணி ஒன்றரை

மாமா,

குடுக்கவில்லை. ஜன்னலில் நின்று தலையாட்டச் சொன்னீர்கள், அந்த அளவுக்கு உங்களுக்கு நல்லது செய்ய எனக்கு மனசு வரவில்லை. டீக்கடைக்காரர் திரும்பி வரும்வரை கொஞ்சம் துடியுங்கள் என்று விட்டுவிட்டேன். நான் பதினாறு நாளாகத் துடிக்கிறேன்.

அந்தப் பாட்டிலைக் குடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை. எழிலுக்குக் காய்ச்சல் வந்தது நிஜம். எட்டு மணிக்கே இங்குள்ள டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சிவகாசிச் சீட்டைக் காட்டினேன். அவர் எழிலைத் தராசில் நிறுத்தினார், பதினொரு கிலோ. எடையைப் பார்த்துத்தான் மருந்து, வயசைப் பார்த்து இல்லை என்றார். ஈரல் கணக்கையும் பார்த்துவிட்டுப் புது மருந்து, குறைச்ச அளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று அவர் கைப்பட எழுதிக் குடுத்தார். காதுக்குள் எதையும் ஊற்றக் கூடாது, சுத்தத் துணியை லேசாகச் சூடுகாட்டி வெளியே ஒத்தடம் குடுத்தால் போதும் என்றார். பூண்டு எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "யாரும்மா அந்த அறிவாளி?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். நீங்களே எழுதினீர்களே! சின்னக் குப்பியில் பொடி போட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமையாக. அதில் மருந்து நிறைய இருந்தது எனக்குத் தெரியும், பழசு என்று தூரப்போட நினைத்துக்கொண்டே இருந்தேன். பொடி உள்ளே போக வேண்டும் என்றால் மருந்து எங்கே போயிருக்கும்? பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ரோஸ் நிறமாக இருந்த மருந்து செங்கல் தண்ணீர் மாதிரி இருக்கிறது. அன்றைக்கே நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். கோட்டைப் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை. என் தப்பு அவ்வளவுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

"வாயில ஒரு சொட்டு ஊத்தல, இந்தச் சத்தியத்துல ஓட்டை கிடையாது" என்று எழுதினீர்களே மாமா. எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்! கலந்ததற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு டாக்டர் என்னைத் திட்டும்போது நின்றீர்கள். உங்கள் மகன் திட்டும்போது நின்றீர்கள். பஞ்சம்மாள் அத்தை பஸ்ஸடியில் பேசும்போது நீங்கள் என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றீர்கள்.

காலையில் சீட்டு எழுதியது இதற்குத்தான். எழுதினால்தான் சொல்வீர்கள் என்று தெரியும். நீங்கள் பஸ் ஏறி வருவீர்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

இப்போது கிளம்புங்கள். போய் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். கடிதத்தில் இல்லை, வாயால். வீட்டுக்குள் குசுகுசு என்று இல்லை, எனக்குப் பெயர் எங்கே கெட்டதோ அங்கே. சிவகாசி டாக்டரிடமும் சொல்லுங்கள், அவர் எழிலின் சீட்டில் சரியாக எழுதிக்கொள்ளட்டும்.

எழில் ஜன்னல் வழியாக உங்கள் துண்டைப் பார்த்துவிட்டு "தாத்தா, தாத்தா" என்று கத்துகிறாள். அதற்காக உள்ளே விடமாட்டேன். அம்மா சோறு குடுத்து விடுகிறாள். அவள் குடுப்பது, நான் குடுப்பது இல்லை.

செல்வி


தாயில்பட்டி
5-9-2003

செல்விக்கு,

உங்க ஆத்தா குடுத்துவிட்ட சோத்துல உப்பு இல்ல. வேணும்னேதான் போடலைன்னு நெனைக்கேன். அழுதுகிட்டே தின்னதால சரியாப் போச்சு. இதைக் கேலின்னு எடுத்துக்கிடாத.

சொல்லிட்டேன். நாலு நாள் தள்ளிப் போட்டேன், அதையும் மறைக்கல. வீட்டுல உக்காந்து வாயைத் தெறந்தா ஒவ்வொரு வாட்டியும் வேற ஏதோ வந்துச்சு. ஒரு நா கெடாக்குட்டியைப் பத்திப் பேசி முடிச்சேன். இது ஆகாதுன்னு செவ்வாய்க்கெழமை காலையில கம்பெனி வேன் நிக்கிற எடத்துக்குப் போனேன். எல்லாரும் ஏறிக்கிட்டு இருந்தாக. உன் புருசன் படியில கால் வச்சிட்டான்.

"ஏலே முனியராஜு, எறங்கு."

"வேன் கெளம்பப் போகுதுப்பா. சாயந்தரம் பேசுவோம்."

"சாயந்தரம்னா நான் மாத்திப் பேசிருவேன். இப்பக் கேளு. எழிலு மருந்துல சொட்டு மருந்தைக் கலந்தது நாந்தான். செல்வி ஊத்துன அளவு சரி. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

வேன்ல இருந்து பஞ்சம்மாதான் மொதல்ல வாயைத் தெறந்தா. "அடப்பாவி மனுசா! அந்தப் புள்ளைய நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே! பக்கத்துல மரம் மாதிரித்தானய்யா நின்ன!" டிரைவர் ஹாரன் அடிச்சான். "நீ போடா"ன்னு அவனையும் ஒரு சத்தம் போட்டா.

உன் புருசன் எறங்கிட்டான். வேன் போயிருச்சு. சீசன்ல ஒரு நாள் வேலை போகுதேன்னுகூட அவன் சொல்லல. கல்லுல உக்காந்தான்.

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துலதான நின்னீக?"

"ஆமா."

"நான் அவளைத் திட்டுனதைக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

வலது காது கேக்காதுன்னு சொல்லிப் பாக்கலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஆனா அன்னிக்கு அவன் இடது பக்கம்தான் நின்னான். "கேட்டேன்"ன்னேன்.

கல்லுல உக்காந்தபடியே, "அவ அந்தக் காலண்டர் தாளை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாப்பா, நான் தட்டிவிட்டேன்"ன்னான். அம்புட்டுதான். அன்னியிலேருந்து அவன் வைக்கிற ரசத்தை நான் வாயைத் தெறக்காமக் குடிக்கிறேன்.

நேத்து சிவகாசிக்குப் போனேன். டாக்டர்கிட்ட சின்னக் குப்பியை நீட்டி, "இதுல இருந்ததைத்தான் கலந்தேன்"ன்னேன். அவரு தொறந்து மோந்து பாத்தாரு. உள்ள பொடி இருந்ததை நான் மறந்துட்டேன். தும்மு தும்முன்னு தும்முனாரு. தும்மி முடிச்சிட்டுத் திட்டுனாரு. உன்னையத் திட்டுனதை விட ரெண்டு மடங்கு இருக்கும். எல்லாத்தையும் நின்னு வாங்கிக்கிட்டேன். சீட்டுல திருத்தி எழுதிட்டாரு. "அந்தப் பொண்ணுகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது, சொல்லிருங்க"ன்னாரு. சொல்லிட்டேன்.

முனியராஜு வார ஞாயித்துக்கெழமை அங்கன வாரான். கூப்பிடத்தான் வாரான். வாரதும் வராததும் உன் இஷ்டம். புள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு? காது?

ஊர்க்காவலன்

பி.கு. அந்தக் குப்பியை டாக்டர் குப்பையில போட்டுட்டாரு. பொடியோட. பொடியை நான் விட்டுட்டேன்னு நெனைச்சிராத. தாள்ல மடிச்சு வச்சிருக்கேன்.


ஆலங்குளம்
8-9-2003

மாமாவுக்கு,

எழிலுக்குக் காய்ச்சல் மூணாம் நாளே விட்டுவிட்டது. காதிலும் வலி இல்லை. நேற்று உங்கள் மகன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே அரை மணி நேரம் நின்றார். அந்தக் காலண்டர் தாளைக் கேட்டார். குடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அம்மா அவருக்குத் தண்ணீர் குடுத்தாள்.

பாட்டிலில் இருந்ததைக் குழி வெட்டி ஊற்றி மூடிவிட்டேன். எழில் அதன் மேல் ஏறி நின்று மிதித்தாள். பாட்டிலை நசுக்கிப் போட்டாயிற்று. அதில் நீங்கள் எதையும் போட்டு வைக்க முடியாது.

சனிக்கிழமை வருகிறேன். ஏன் வருகிறேன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சீசன் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நானும் வேனில் ஏற வேண்டும். பகலில் எழில் உங்களிடம்தான் இருப்பாள். காய்ச்சல் வந்தால் மருந்து குடுக்கப் போவதும் நீங்கள்தான், வேறு ஆள் கிடையாது. அதற்காகத்தான் இவ்வளவு கத்தினேன். கை தவறுகிற ஆளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம், சாயந்தரம் வந்து கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தும் வாயைத் திறக்காத ஆளிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது? உங்களிடம் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று பார்க்கத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன்.

தாயில்பட்டியில் என் பெயரைத் துடைத்துவிட்டீர்கள். இங்கே இந்தத் தெருவில் இன்னும் பாக்கி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நேற்றுகூட, "பாத்துக் குடு தாயி, போன வாட்டி மாதிரி ஆயிராம" என்றாள். இவர்களிடம் நான் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்வது?

கண்ணாடிக் கூட்டைக் கொண்டு வருகிறேன்.

செல்வி


தாயில்பட்டி
10-9-2003

பாண்டிச்செல்விக்கு. இன்லேண்டு வாங்கல. கார்டுல எழுதுறேன். ஒட்டுற வேலை இல்ல, வழியில யாரு வேணா படிக்கலாம். ஆலங்குளம் போஸ்ட்மேன் அய்யா, நீங்க படிக்கிறது எனக்குத் தெரியும். சத்தமாப் படிங்க. எழிலு மருந்துல கலப்படம் பண்ணுனது தாயில்பட்டி ஊர்க்காவலன். பெத்தவ அளவு சரி. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டிட்டு, அப்புறமா செல்வி கையில குடுங்க.

செல்வி, சனிக்கெழமை மொத பஸ்ஸுக்கு வேம்படியில நிப்பேன். அலமாரியில இப்ப ஒரு மருந்து, ஒரு மூடி, ஒரு பென்சில், பின்பக்கம் வெறுசா இருக்க காலண்டர் தாள். முப்பத்தாறு வருசம் தராசு புடிச்சதுக்கு அப்புறம் மறுபடியும் வேலைக்குச் சேந்திருக்கேன். போர்மேன் நீதான்.